மட்டி வாய் திறக்கவில்லை: வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கான பிழை நீக்கும் வழிமுறை

மீன் நோயுற்றால் நீந்தும் விதம் மாறும், நிறம் மங்கும், தீனியை ஒதுக்கும். மட்டியோ ஓட்டை மூடும் அல்லது திறக்கும். அதற்கு மேல் அது எதையும் வெளிக்காட்டுவதில்லை. உப்பு கூடினாலும் மூடும், பிராணவாயு குறைந்தாலும் மூடும், செம்பு கலந்தாலும் மூடும், நண்டு சீண்டினாலும் மூடும். ஆகவே மட்டியை மட்டும் உற்றுப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முயல்வது பெரும்பாலும் வீண். அந்த நிலை சில மணி நேரத்தில் வந்ததா, சில நாளில் வந்ததா, சில மாதங்களில் வந்ததா என்பதையும், அதே தொட்டியில் உள்ள மீன், இறால், நத்தை ஆகியவை அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். கீழே ஒவ்வோர் அறிகுறியும் இந்த இரண்டு கேள்விகளின் வழியாகவே பார்க்கப்படுகிறது.

இங்கே மட்டி என்பது பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய சேற்று மணலிலும் கையால் பொறுக்கப்படும், வழவழப்பான தடித்த ஓடுடைய மெரெட்ரிக்ஸ் காஸ்டா இனத்தைக் குறிக்கும். வெளிநாட்டு மெரைன் தொட்டிப் படங்களில் நீலமும் பச்சையுமாக மின்னும் ட்ரைடாக்னா என்னும் பெருஞ்சிப்பி வேறு. ட்ரைடாக்னா மாக்சிமா, ட்ரைடாக்னா ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் ஹிப்போபஸ் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்டவை. பாறை கட்டும் கடும்பவளங்களும் அப்படியே. கடையில் யாரேனும் அவற்றை இரகசியமாகக் காட்டினால் திரும்பி வந்துவிடுவதே முறை. தொட்டியின் பாறைக்கும் பவளத் துண்டுகளைத் தேடாமல், கடையில் கிடைக்கும் செயற்கைப் பாறையைப் பயன்படுத்தலாம். ஓரிரு மாதங்களில் அதில் நுண்ணுயிர் குடியேறி, அது தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும்.

இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ட்ரைடாக்னாவின் சதைக்குள் நுண்பாசி குடியிருந்து, ஒளியைக் கொண்டு அதற்கு உணவு தயாரித்துத் தருகிறது. நம் மட்டிக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, மட்டி வாடுகிறது என்றவுடன் விலை உயர்ந்த எல்.இ.டி. விளக்கை வாங்கி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த விளக்கினால் கண்ணாடியில் பாசி படரும். மட்டிக்கு ஒரு பயனும் இல்லை.

புதிதாக வாங்கி விட்டது திறக்கவே இல்லை

முதலில் அது உயிருள்ள மட்டிதானா என்று உறுதி செய்ய வேண்டும். உள்ளே சதை அழிந்து சேறு மட்டும் நிரம்பி, ஓடு இறுக மூடியபடியே இருக்கும் மட்டிகள் ஒவ்வொரு குவியலிலும் சில இருக்கும். இரண்டு ஓடுகளையும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றைப் பக்கவாட்டில் தேய்ப்பதுபோல் தள்ளிப் பார்த்தால், உயிருள்ளது அசையாது. சேறு நிரம்பியது வழுக்கி நகர்ந்துவிடும். மேலும், மீன் சந்தையில் பனிக்கட்டியின்மேல் பரப்பி வைத்ததும், நல்ல தண்ணீரில் அலசியதும் குழம்புக்கு உரியவை. அவற்றைத் தொட்டியில் விட்டுப் பயனில்லை. பொறுக்கியவரிடமிருந்தே, பிடித்த இடத்துத் தண்ணீரோடு அல்லது ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே வாங்கி வருவது நல்லது.

உயிருள்ளதுதான் என்று தெரிந்த பிறகும் அது திறக்காவிட்டால் உப்பளவை ஐயுற வேண்டும். பழவேற்காட்டில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஏரி நீர் நன்னீரை நெருங்கும். கோடையில் கடலைவிட உப்பு மிகும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கித்தான் மட்டி வாழ்கிறது, ஆனால் ஏரியில் அது பல நாட்களில் மெல்ல நிகழும் மாற்றம். வாளியிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது அதே மாற்றம் ஒரு நொடியில் நிகழ்ந்துவிடுகிறது. மார்கழியில் வாங்கிய மட்டி வந்த நீரின் உப்பளவு ஆயிரத்தில் 15 பங்காக இருந்து, உங்கள் தொட்டி 35ஆக இருந்தால், அது ஓட்டை மூடிக்கொண்டு வெளியே என்ன நடக்கிறது என்று நாட்கணக்கில் காத்திருக்கும். எனவே வாங்கும்போது அது கிடந்த நீரையும் ஒரு புட்டியில் கேட்டு வாங்கி, வீட்டில் அளந்து, ஒரு தனி வாளியில் அதே அளவில் தொடங்கி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று புள்ளிகளுக்கு மிகாமல் உயர்த்திச் செல்ல வேண்டும். வாளியில் காற்றுக்கல் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

அளக்கும் கருவியே பொய் சொல்வதும் உண்டு. முள் ஆடும் மலிவு ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். ஒளி வளைவதைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரில் சுழியத்துக்குச் சரிசெய்தால் மட்டும் போதாது; 35 என்ற இடத்திலும் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு விலை கொடுத்து அளவு திரவம் வாங்க இயலாவிட்டால், 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் போதும்; அந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பங்கு கடல்நீருக்கு இணையாகக் காட்டும். இது கருவியைச் சோதிப்பதற்கு மட்டுமே. தூத்துக்குடிக் கல் உப்பை மூட்டையாக வாங்கிக் கரைத்தே தொட்டியை ஓட்டிவிடலாம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். உப்பளவு சரியாகத்தான் காட்டும், ஆனால் கடல்நீரில் இருக்க வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இராது.

மணலில் புதையாமல் மேலேயே கிடக்கிறது, அல்லது புதைந்தது வெளியே வருகிறது

இவை இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் காரணங்கள் வேறு. விட்ட நாளிலிருந்தே புதையாதது பெரும்பாலும் மணலின் குற்றம். மட்டி தன் தசைக்காலை மணலுக்குள் செலுத்தி, அதன் நுனியைப் பருக்கவைத்து நங்கூரமாக்கி, உடலைக் கீழே இழுத்துக்கொள்கிறது. அதற்குக் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரையிலான நுண்மணல், விரல் நீளத்துக்காவது தேவை. பருக்கையான பவள மணலிலும், கட்டடத்துக்கு வாங்கும் எம்.சாண்டிலும் அதனால் இறங்க முடியாது, எம்.சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்வது என்பதால் அதன் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். தொட்டி முழுவதும் மணலை மாற்ற மனமில்லாதவர்கள் ஓர் ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தில் நுண்மணல் நிரப்பி, ஒரு மூலையில் வைத்து, மட்டியை அதில் விடலாம். நான் இதையே பரிந்துரைப்பேன்: மட்டி எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரியும், இறந்ததைத் தேடித் தொட்டி முழுவதையும் கிளற வேண்டியதில்லை.

பல வாரம் புதைந்திருந்த மட்டி ஒரு நாள் மேலே வந்து கிடந்தால் அதைப் பெரிய எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். வலுவிழந்த மட்டியும், மணலுக்குள் மூச்சு முட்டிய மட்டியும் மேலேறி வரும். மணலை ஒரு குச்சியால் மெல்லக் கிளறிப் பாருங்கள். கருப்பாக ஒரு திட்டு தென்பட்டு, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே ஏதோ ஒன்று செத்து அழுகிக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் இன்னொரு மட்டியாகத்தான் இருக்கும். அந்தத் திட்டை மட்டும் சைஃபன் குழாயால் உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். கருப்பு இல்லை, நாற்றமும் இல்லை என்றால் இதற்கான விடை பட்டினி பற்றிய பகுதியில் இருக்கிறது.

எல்லா மட்டியும் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள் மூடிக்கொண்டன

இது நீரில் நிகழ்ந்த திடீர் மாற்றம். எது மாறியது என்பதைத் தொட்டியில் உள்ள மற்ற உயிர்கள் சொல்லும்.

மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் பிராணவாயு குறைவு. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 30 டிகிரி செல்சியஸ் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராமுக்கு மேல் நிற்காது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், கத்திரி வெயில் நாளில் மின்சாரம் போனால், சில மணி நேரத்தில் மீன்கள் திணறத் தொடங்கும். இந்த நிலையில் மட்டியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது ஓட்டை மூடிக்கொண்டு, பிராணவாயு இல்லாமலே வேறு வழியில் ஆற்றலை எடுத்துச் சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். முதலில் இறப்பது மீன். இறந்த மீன் வெளியிடும் அமோனியாதான் பிறகு மட்டியைக் கொல்லும். எனவே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமற்போனதை நினைத்துக்கொண்டால், அது வீண் செலவாகத் தோன்றாது. மின்சாரம் திரும்பியதும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடக் கூடாது. அதற்குள் தேங்கிக் கெட்ட நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பிறகே இயக்க வேண்டும்.

மீன்கள் வழக்கம்போல் நீந்தித் தீனி கேட்கின்றன, ஆனால் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து கிடக்கின்றன, மட்டிகள் மூடியிருக்கின்றன என்றால் செம்பை ஐயுற வேண்டும். வட சென்னை வீடுகளில் இதற்குப் பழைய செப்புக் குழாயைவிடப் புதிய காரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவிகளில் பல இப்போது குடிப்பவரின் உடல்நலத்துக்கு என்று நீரில் செம்பைக் கலந்து தருகின்றன. குடிநீருக்கான இந்தியத் தரம் 10500, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. கடல்மீனின் வெண்புள்ளி நோய்க்கு மருந்தாகச் செம்பைக் கலக்கும் அளவே லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம்தான், அந்த அளவில் முதுகெலும்பற்ற கடலுயிர்கள் பிழைப்பதில்லை. அதாவது நாம் கவலையின்றிக் குடிக்கும் நீர் மட்டிக்கு நஞ்சாக இருக்க முடியும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆவியாகி இறங்கிய அளவை ஈடுகட்ட நாள்தோறும் அந்த நீரை ஊற்றும்போது, நீர் மட்டுமே ஆவியாகிறது, செம்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே நாலைந்து மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய தொட்டி திடீரென்று விழுந்ததுபோல் தோன்றும். பூசை அறைச் செப்புச் சொம்பில் நீர் மொண்டு ஊற்றும் பழக்கமும், முன்பு எப்போதோ அதே தொட்டியில் மீன் மருந்து போட்டிருப்பதும் இதே விளைவைத் தரக்கூடும். மாற்று வழி, செம்பு கலக்கும் பகுதியும் தாது சேர்க்கும் பகுதியும் இல்லாத வெறும் ஆர்.ஓ. அமைப்பிலிருந்து நீர் பிடிப்பது, அல்லது காய்ச்சி வடித்த நீரை வாங்குவது. நிகழ்ந்துவிட்ட நஞ்சுக்குப் பாதிக்கு மேல் நீர் மாற்றமும், புதிய ஆக்டிவேட்டட் கார்பனும், செம்பை ஈர்க்கும் ஃபில்டர் பொருளும் தேவைப்படும்.

இறால்கள் முதலில் துள்ளிப் புரண்டு இறந்து, பிறகு மீன்கள் நிலைதடுமாறினால், அறையின் காற்றிலிருந்து பூச்சிமருந்து வந்திருக்கிறது. கொசுவுக்கு ஏற்றும் சுருளிலும், சுவரில் செருகும் திரவத்திலும், தெருவில் அடிக்கும் கொசுப் புகையிலும் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறால், நண்டு ஆகியவற்றுக்கும் கொடிய நஞ்சு. காற்றுப் பம்பு அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். புகை வண்டியின் சத்தம் கேட்டதும் சன்னலை மூடி, பம்பை அரை மணி நேரம் நிறுத்தி, நீரோட்டத்துக்கு வேவ் மேக்கரை மட்டும் ஓடவிடலாம். மட்டி இந்த நஞ்சை மற்றவற்றைவிடச் சற்றுத் தாங்கும், ஆனால் அழுகும் இறால்களின் நடுவே அது நெடுநேரம் மூடியிருக்க முடியாது.

எல்லா உயிர்களும் ஒருசேரத் துன்புற்று, சற்று முன்புதான் நீர் மாற்றியிருந்தால், மாற்றிய நீரே காரணம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுவதும் காற்றுக்கல் ஓடவிடுவதோ, சோடியம் தயோசல்ஃபேட் சேர்ப்பதோ அதைப் போக்கும். போர்வெல் நீர் மீஞ்சூர்ப் பக்கம் நெடுங்காலமாகவே கடல்நீர் உட்புகுந்து கெட்டிருக்கிறது. அது உவர்ப்பாக இருக்கிறதே, மெரைன் தொட்டிக்குப் பொருந்துமே என்று எண்ணிவிட வேண்டாம். அதில் இரும்பும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று சோதிக்காமல் ஒரு குவளைகூட ஊற்றக் கூடாது.

கடல்நீரையே பிடித்து வந்து மாற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நிற்கும் நீரின்மேல் டீசல் படலம் மினுங்குவதை யாரும் காணலாம். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அனல்மின் நிலையங்களின் சூடான நீரும் சாம்பலும் வந்து சேர்கின்றன. 2017 சனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்து எர்ணாவூர்க் கரை வரை ஒதுங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. ஆகவே கரையோரத்தில் வாளியை முக்கி எடுக்காமல், கரையிலிருந்து நெடுந்தொலைவு போய்வரும் படகுக்காரரிடம் சுத்தமான கேன்களைக் கொடுத்து அங்கே நிரப்பி வரச் சொல்ல வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஆறுகளின் வெள்ளநீர் கலப்பதால் கரையை ஒட்டிய கடலின் உப்பளவு இறங்கியிருக்கும். அந்த மாதங்களில் பிடித்த நீரை அளக்காமல் ஊற்றினால், மட்டி மூடிக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வாய் பிளந்து கிடக்கிறது, தொட்டால் மெதுவாக மூடுகிறது அல்லது மூடுவதே இல்லை

மட்டியின் ஓடு திறப்பதற்கு முயற்சி தேவையில்லை; மூடுவதற்குத்தான் தேவை. கீலில் உள்ள மீள்தன்மையுடைய நாண் ஓடுகளை எப்போதும் விரித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது, உள்ளேயுள்ள இரண்டு மூடுதசைகள் அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்கின்றன. தசை தளர்ந்தால் ஓடு தானாகவே பிளக்கும். நீரை உள்ளிழுத்து வெளியேற்றும் உறிஞ்சுகுழல்கள் தெரியுமளவுக்கு மெல்லத் திறந்திருப்பது நலம். உள்சதை முழுவதும் தெரியப் பிளந்து, தொட்டும் அசையாமலிருப்பது சாவு. இடைப்பட்ட நிலையில், தொட்டபின் ஓரிரு நொடி தாமதித்து மூடுகிற மட்டியை உடனே தனி வாளிக்கு மாற்றிவிடுங்கள். அது பிழைத்தாலும் பிழைக்கலாம், பிழைக்காவிட்டால் தொட்டியைக் கெடுக்காது.

நூறு லிட்டருக்குக் குறைவான தொட்டியில் இறந்த மட்டி ஒன்று ஓர் இரவு கிடந்தாலே அமோனியா ஏறும். பி.எச். அளவும் வெப்பமும் கூடக் கூட அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். கடல்நீரின் பி.எச். இயல்பாகவே 8.2 அளவில் இருப்பதாலும், நம் ஊரின் வெப்பத்தாலும், நன்னீர்த் தொட்டிக்குச் சொல்லும் ‘கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை’ என்ற கணக்கு இங்கே செல்லாது. சோதனைக் கருவியில் லேசான பச்சை தெரிந்தாலே நீரை மாற்றத் தொடங்கலாம்.

இரண்டு மூன்று மாதம் நன்றாக இருந்து, பிறகு ஒவ்வொன்றாக இறக்கின்றன

வீட்டுத் தொட்டியில் மட்டி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இதுதான். நீரின் எல்லா அளவுகளும் சரியாக இருக்கும், மீன்கள் கொழுத்திருக்கும், மட்டி மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் போகும். கடைசியாகச் செய்த எதையாவது, புதிதாக விட்ட மீனையோ மாற்றிய உப்புப் பொதியையோ, குற்றவாளியாக்கிவிடுவது எளிது. உண்மையான காரணம் தொடங்கிய நாள் மட்டியை வாங்கிய நாளேதான். அது அன்றிலிருந்தே பட்டினி கிடந்து, உடலில் சேர்த்துவைத்திருந்ததைக் கரைத்து உயிர் வாழ்ந்திருக்கிறது.

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. இறக்கும் தறுவாயில் உள்ளதை, அல்லது இறந்து சில மணி நேரமே ஆனதைத் திறந்து பாருங்கள். நன்றாக உண்ட மட்டியின் சதை ஓட்டை நிரப்பி, பால் ஏடு நிறத்தில் திரண்டிருக்கும். பட்டினியால் இறந்ததன் சதை சுருங்கி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, நீர்த்துக் கிடக்கும். மீன்தீனியின் தூளும் மிச்சமும் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அது போதாது. மட்டி செவுள்களின் வழியே மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை வடிகட்டி, அதிலுள்ள சில மைக்ரான் அளவுள்ள நுண்பாசிகளைப் பிரித்து உண்கிறது. கழிமுகத்தில் ஒவ்வொரு கடலேற்றமும் புதிய உணவைக் கொண்டுவரும். நம் தொட்டியிலோ கண்ணாடிபோல் தெளிந்த நீரைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். அந்தத் தெளிவுதான் மட்டிக்குப் பஞ்சம்.

எனவே நுண்பாசி வளர்ப்பைத் தொட்டியோடு சேர்ந்த வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் மட்டி வளர்க்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. சிப்பிக் குஞ்சுப் பண்ணைகளில் ஐசோகிரைசிஸ், கீட்டோசெராஸ் ஆகிய இரண்டு நுண்பாசிகளுமே பெரிதும் பயன்படுகின்றன. ஐசோகிரைசிஸ் நான்கு முதல் ஆறு மைக்ரான் அளவில் மெல்லிய உறையோடு இருப்பதால் எளிதில் செரிக்கும், ஆனால் நம் கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அது தளர்ந்துவிடும். கீட்டோசெராஸ் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் அது சிலிக்காவால் கூடு கட்டும் டையாட்டம் வகை என்பதால் ஊட்டக் கரைசலில் சிலிக்கேட் சேர்க்க வேண்டும். நானோகுளோராப்சிஸ் யார் கையிலும் வளரும், எங்கும் கிடைக்கும், அதன் செல்சுவர் தடிப்பு என்பதால் மட்டிக்கு அதிலிருந்து கிடைப்பது குறைவு. அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இரண்டு லிட்டர்ப் பிளாஸ்டிக் புட்டிகளில் கொதிக்கவைத்து ஆறிய உப்புநீர், ஊட்டக் கரைசல், வித்தாக இடக் கொஞ்சம் நுண்பாசி, ஒரு டியூப்லைட், மெல்லிய காற்றோட்டம் ஆகியவை இருந்தால் ஒரு வாரத்தில் நிறம் அடர்ந்துவிடும். பாதியை எடுத்துக்கொண்டு மீதிக்குப் புதிய நீரும் ஊட்டமும் சேர்க்கலாம். இரண்டு புட்டிகளையாவது தனித்தனியாக வைத்திருங்கள், ஒன்றில் நுண்ணுயிர் புகுந்து பாசியைத் தின்றுவிட்டால் மற்றது வித்தாக உதவும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு மில்லிலிட்டர்க் கணக்கைவிடத் தொட்டி நீரின் நிறமே நம்பகமானது. ஊற்றியதும் நீரில் மெல்லிய சாயல் தெரிய வேண்டும், இரண்டு மூன்று மணி நேரத்தில் அது மறைய வேண்டும். மறையவில்லை என்றால் அளவு கூடுதல், அல்லது மட்டிகள் உண்ணவில்லை. மட்டியருகே மணலில் இழைபோல் கெட்டியான கழிவு விழுந்தால் உணவு செரிக்கிறது. பஞ்சுபோல் தளர்ந்த சளித் திரள் விழுந்தால், அது உண்ணாமல் ஒதுக்கித் தள்ளியது, அளவைக் குறைக்க வேண்டும். ஒரே வேளையில் நிறைய ஊற்றுவதைவிடக் காலையும் மாலையும் சிறிது ஊற்றுவது நல்லது. அந்த நேரத்தில், நீரின் கழிவை நுரையாக அள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் யு.வி. விளக்கையும் இரண்டு மணி நேரம் நிறுத்தி, நீரோட்டத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் ஊற்றுவதை ஸ்கிம்மர்தான் உண்ணும். நூறு லிட்டர்த் தொட்டிக்கு மூன்று நான்கு மட்டிகளுக்கு மேல் வைத்தால் எவ்வளவு வளர்த்தாலும் பாசி போதாது. ஈஸ்ட், பால்பொடி, சோயாப் பால் என்று சமையலறையிலிருந்து எடுத்து ஊற்றுவதால் மட்டி கொழுப்பதற்கு முன் தொட்டி நீர் கெட்டுவிடும்.

தண்ணீர் பால்போல் வெளுத்துவிட்டது

சில நிமிடங்களில், மட்டி கிடக்கும் இடத்திலிருந்தே புகைபோல் கிளம்பி வெளுத்திருந்தால், அது பெரும்பாலும் இனப்பெருக்கம். வெப்பமோ உப்பளவோ சட்டென்று மாறும்போது முதிர்ந்த மட்டிகள் விந்தையும் முட்டையையும் நீரில் வெளியிடும். ஸ்கிம்மரை முழுவேகத்தில் ஓடவிட்டு, கால் பங்கு நீரை மாற்றினால் போதும், மட்டிகளை எடுத்துப் போட வேண்டியதில்லை. ஓர் இரவு முழுவதும் மெல்ல மெல்ல வெளுத்து, நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியாப் பெருக்கம். இறந்ததைத் தேடி எடுக்க வேண்டும்.

ஓட்டில் துளை, அல்லது குழல் நுனி கடிபட்டிருக்கிறது

சென்னைக் கடற்கரை மணலில் கிடக்கும் சிப்பி ஓடுகளில், ஆணியால் குடைந்ததுபோல் வட்டமான ஒரு துளை இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நாடிகா வகைச் சங்குநத்தைகள் மணலுக்குள் புகுந்து மட்டியைப் பிடித்து, ஓட்டைக் குடைந்து உள்ளிருக்கும் சதையைத் தின்றதன் அடையாளம் அது. துளையின் வெளிவாய் அகன்று உட்புறம் குறுகியிருக்கும். மட்டியோடு வந்த சேற்றில் அதுவும் உங்கள் தொட்டிக்கு வந்திருக்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியில் மணலின்மேல் தடம் தேடினால் அகப்படும். துளை இல்லாமல் ஓடே நொறுங்கியிருந்தால் நண்டையோ இடித்து உடைக்கும் இறாலையோ தேட வேண்டும். குழல் நுனி மட்டும் கடிபட்டிருந்தால் மீன்தான் காரணம்: கிளாத்தி, பேத்தை, வண்ணத்துப்பூச்சி மீன் ஆகியவற்றோடு மட்டியை ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது. முள்புழுக்களைப் பெரும்பாலும் வீணாகப் பழிக்கிறோம், அவை ஏற்கெனவே செத்ததைத்தான் மொய்க்கின்றன.

ஓடு வளரவில்லை, விளிம்பு சுண்ணாம்புபோல் உதிர்கிறது

நலமான மட்டியின் ஓட்டு விளிம்பில் மெல்லிய, பளபளப்பான புதிய வரி ஒன்று தெரியும். அது இல்லாவிட்டால் முதலில் உணவையும், அடுத்து உப்பளவையும் பார்க்க வேண்டும். மின்விசிறிக் காற்றை நீர்ப்பரப்பில் வீசவைத்துக் குளிர்விக்கும் வழக்கம் கோடையில் நல்லதுதான், ஆனால் கடற்காற்று ஈரமாக வீசும் நாட்களில் அதனால் பெரிதாகக் குளிராது. உலர்ந்த நாட்களிலோ நூறு லிட்டரில் நாளுக்கு இரண்டு லிட்டர் வரை ஆவியாகலாம். அந்த அளவில் ஐந்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால், 35 என்றிருந்த உப்பளவு 39ஐத் தொட்டிருக்கும். குறைந்த நீரை எப்போதும் உப்பில்லாத சுத்த நீராலேயே, ஒரே மூச்சில் ஊற்றாமல் இரண்டு நாளில் பிரித்து ஈடுசெய்ய வேண்டும்.

அதன் பிறகே கால்சியத்தையும் காரத்தன்மையையும் அளக்க வேண்டும். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்பது போதுமான வரம்பு. காரத்தன்மை மட்டும் குறைந்திருந்தால் ஆப்ப சோடாவே மருந்து: நூறு லிட்டருக்கு 3 கிராம் சோடா ஏறத்தாழ ஒரு டி.கே.எச். உயர்த்தும். அதை ஒரு குவளை சுத்த நீரில் நன்கு கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றி, ஒரு நாளில் ஒரு டி.கே.எச்.க்கு மேல் உயர்த்தாமல், மறுநாள் அளந்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடக் கூடாது. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். சுண்ணாம்புத் தெளிநீரின் பி.எச். 12க்கு மேல், இரவில் சொட்டுச் சொட்டாக விடும் கருவியும், தூய்மை உறுதியான சுண்ணாம்பும் இருந்தால் மட்டுமே அந்த முறையைத் தொடலாம்.